கொழுந்து கிள்ளிய எலும்பு

பெருவிரலின் நுனியிலிருந்து கீழ்நோக்கித் தடவிக்கொண்டு வந்தால் முதலில் இரண்டு கணு. மூன்றாவதாக, விரல் மணிக்கட்டோடு சேரும் இடத்தில், தோலுக்கு அடியில் ஒரு மேடு தட்டுப்படும். அந்த மேட்டுக்குக் கீழே கிடக்கிறது ட்ரப்பீசியம் என்ற எலும்பு. நீளம் 2 சென்ரிமீற்றர் இருந்தால் அதிகம். மணிக்கட்டில் இரண்டு வரிசையாக நிற்கும் 8 எலும்புகளில் இதுவும் ஒன்று. பெருவிரலின் அடியெலும்பு இதன் தலையில்தான் உட்கார்ந்து நாலாபக்கமும் திரும்புகிறது. இரண்டும் சந்திக்கும் பரப்பு குதிரைச் சேணம் மாதிரி வளைந்தது. ஒன்று குழிந்த இடத்தில் மற்றது மேடாக இருக்கும். மற்ற நான்கு விரலுக்கும் இந்தச் சுதந்திரம் இல்லை. பேனா பிடிப்பதும், ஊசியில் நூல் கோப்பதும், தேயிலைக் கொழுந்தை முறிப்பதும் இந்த ஒரு மூட்டின் தயவால்தான்.

இங்கே எழுதுவது அப்படி ஓர் எலும்பின் வரலாறு. ஊவாவில் கொழுந்தெடுத்த ஒரு பெண்ணின் வலது கையில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். பசறையிலும் மடூல்சீமையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் இதே எலும்போடு, இதே வலியோடு இருப்பவர்கள் பல பேர். ஒருத்தியின் பெயரைச் சொன்னால் அது அவள் வீட்டுக் கதையாகிவிடும்.

பிறக்கும்போது இது எலும்பே இல்லை, வெறும் குருத்து. பிறந்த குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் மணிக்கட்டு இருக்கவேண்டிய இடம் வெறுமையாகத் தெரியும். ட்ரப்பீசியத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி அது எலும்பாகத் தொடங்குவது 4, 5 வயதில். பிள்ளைக் காம்பராவை விட்டுத் தோட்டப் பாடசாலையின் முதலாம் வகுப்புக்குப் போகும் வயசு அது. அதற்குப் பிறகு பல வருடங்கள் இந்த எலும்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் கிடையாது. நல்ல மூட்டு சத்தம் போடாது.

படிப்பு நின்று, பேர் பதிந்து, மலைக்கு ஏறியதும் எலும்பின் உழைப்புக் காலம் ஆரம்பமாகிறது. கொழுந்தெடுப்பதைப் படத்தில் பார்த்தவர்கள் இரண்டு கையும் செடிக்கு மேலே பறப்பதைத்தான் பார்த்திருப்பார்கள். பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். தண்டு ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் சாய்கிறது. பெருவிரல் மேலே வந்து அழுத்தி, ஒரு சின்னத் திருகல். நகத்தால் கிள்ளினால் வெட்டுவாய் கறுக்கும். தண்டு மடங்கி, தானாக முறிய வேண்டும். முறிந்ததைக் கூடைக்குள் உடனே போடுவதில்லை. பறித்த கொழுந்தை மற்ற மூன்று விரலும் உள்ளங்கையில் அணைத்துப் பிடித்திருக்க, பெருவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டும் அடுத்ததுக்கும் அதற்கடுத்ததுக்கும் போய்க்கொண்டே இருக்கும். கை நிறைந்தபின் தோளுக்கு மேலாகக் கூடைக்குள் ஒரு வீச்சு. இறுக்கிப் பிடித்தால் இலை கசங்கிச் சூடேறும், ஸ்டோரில் குற்றம் சொல்வார்கள். ஆக, கை நிறைய இலையை நோகாமல் பிடித்தபடியே விடாமல் முறிக்கவேண்டும். மேலதிக வேலை முழுவதும் பெருவிரலின் அடிமூட்டுக்கு வந்து சேர்கிறது.

கணக்குப் பார்ப்போம். இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த கொழுந்து ஒன்றின் பச்சை எடை ஏறத்தாழ ஒரு கிராம், பெரும்பாலும் அதற்கும் குறைவு. முழுப் பேர், அதாவது முழுநாள் சம்பளம், விழ 16 கிலோ, 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம், பருவத்துக்குப் பருவம் ஓர் அளவு இருக்கும், குறைந்தால் அரைப்பேர். 18 கிலோ என்றாலும் 18,000 கொழுந்துக்குக் குறையாது. இரண்டு கைக்கும் பங்கிட்டால் ஒரு பெருவிரலுக்கு 9,000. ஒரே முறிப்பில் இரண்டு மூன்று சேர்ந்து வருவதைக் கழித்தாலும் நாளொன்றுக்குச் சில ஆயிரம் முறை.

அமெரிக்காவில் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த கூனி, சாவோ என்ற இருவர் 1977 இல் பெருவிரல் மூட்டுகளில் விழும் சுமையைக் கணித்து வெளியிட்டார்கள். விரல் நுனியில் 1 கிலோ அழுத்தத்தோடு எதையாவது கிள்ளினால் அடிமூட்டில் 12 கிலோ விழுகிறது. இறுக்கிப் பிடிக்கும்போது அது 120 கிலோ வரை போகக்கூடும். விரல் ஒரு நெம்புகோல். நுனியில் கொஞ்சமாகக் கொடுத்தாலும் அடியில் பன்மடங்காகக் கேட்கும்.

இதை வைத்து, கொழுந்தெடுத்ததால்தான் எலும்பு தேய்ந்தது என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. மாதவிடாய் நின்ற பெண்களின் கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் நாலில் ஒருத்திக்கு, சிலவற்றில் மூன்றில் ஒருத்திக்கு இந்த மூட்டில் தேய்மானம் தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஒரு தேயிலைச் செடியைக்கூடத் தொட்டதில்லை. பலருக்கு வலியும் இல்லை. ஆண்களைவிடப் பெண்களுக்கு இது அதிகம். பிணைநார்களின் தளர்வு, மூட்டின் வடிவம், பரம்பரை, வயது எல்லாம் சேர்ந்து செய்யும் காரியம். திரும்பத் திரும்பக் கிள்ளும் தொழில் அந்த வரிசையில் தானும் நிற்கிறது. வரிசையில் கடைசியில் நிற்கிறது என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஊவாவுக்கென்று இன்னொரு சிக்கல். ஜூலை முதல் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவமழை மலைக்கு அந்தப் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, வெறும் வறண்ட காற்றாக இந்தப் பக்கம் இறங்கும். அந்தக் காற்றில் செடி தவித்து, கொழுந்து சிறுத்து, தூளுக்கு ஒரு தனி வாசம் ஏறும். உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்த வாசம்தான். விலை ஏறும் அதே வாரங்களில் மலையில் கொழுந்து குறைவு, கொழுந்தின் எடையும் குறைவு. அதே கிலோவுக்கு இன்னும் அதிகமாக முறிக்கவேண்டும்.

தேய்மானம் முதலில் குருத்தெலும்பில் தொடங்குகிறது. குருத்துக்கு இரத்தக் குழாயும் இல்லை, நரம்பும் இல்லை. அதனால் அது தேயும்போது ஆளுக்குத் தெரிவதில்லை. அது மெலிந்துபோய், அடியில் உள்ள எலும்பும் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும் உரசத் தொடங்கிய பிறகுதான் வலி வரும். முதல் செய்தி மலையிலிருந்து வராது, வீட்டிலிருந்துதான் வரும். லயத்துக் காம்பராவின் பூட்டில் சாவியைத் திருப்ப முடியாது. நனைந்த போர்வையைப் பிழிய முடியாது. விடியற்காலையில் ரொட்டிக்கு மாப் பிசையும்போது பெருவிரலின் அடியில் சுரீரென்று ஒரு குத்து. தேங்காய்ப் பாலைப் பிழிகிற வேலை மகளுக்குப் போய்விடும். கொழுந்து மட்டும் இன்னும் ஓடும். சூடேறிய கை வலியை மறைக்கும். இரவில்தான் அது கேட்கும்.

இரவில் தேய்ப்பது கோடாலித் தைலம். அந்தச் சிறு கண்ணாடிக் குப்பியில் உள்ள சேர்மானங்களில் ஒன்று மெதைல் சாலிசிலேற். தோலில் ஏறியதும் காந்தலும் குளிர்ச்சியும் கலந்து வலியை மறக்கச் செய்வதில் அதற்கும் பங்குண்டு. வறண்ட காற்றுக் காலத்து ஊவாத் தேயிலையின் பெயர்பெற்ற வாசத்துக்கு முக்கிய காரணமும் அதே மெதைல் சாலிசிலேற்தான்! செடி வாட்டத்தில் தானே சுரப்பது அது. கொழும்பு ஏலத்தில் அதை மூக்கால் அளந்து விலை வைக்கிறார்கள். அந்தக் கொழுந்தை முறித்த விரலுக்கு அதையே குப்பியில் காசு கொடுத்து வாங்கவேண்டியிருக்கிறது. தைலம் மூட்டுக்குள் எதையும் திருத்தாது. ஆனால் தூக்கம் வரும், அதுவும் சிறு காரியமில்லை.

இதற்கிடையில் எலும்பின் உருவம் மாறுகிறது. பிணைநார் தளர, பெருவிரலின் அடியெலும்பு சேணத்திலிருந்து வெளிப்பக்கமாகச் சறுக்கும். மணிக்கட்டருகே ஒரு சதுர முண்டு எழும். ஓரங்களில் புது எலும்பு முள்ளாக வளரும். பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள இடைவெளி சுருங்கும்; அதை ஈடுகட்ட விரலின் நடுக்கணு பின்னால் வளையும். கையை மேசையில் வைத்தால் பெருவிரல் ஆங்கில இசற் எழுத்துப்போல மடிந்திருக்கும். மலையில் நிற்கும் கங்காணிக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: ஆள் கிலோ குறைவாகப் போடுகிறாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் வெள்ளை மாத்திரையும் ஒரு வாரத்துக்குப் பூசுமருந்தும் கிடைக்கும். தோட்டத் தொழிலாளருக்கு மருந்து கொடுப்பது தோட்டத்தின் பொறுப்பு என்று சட்டம் போட்டது வெள்ளைக்காரன் காலத்தில். 1912 இல் அதற்கென்றே கட்டளைச் சட்டங்கள் வந்தன. காய்ச்சல், வயிற்றோட்டம், கொக்கிப்புழு, பிள்ளைப்பேறு என்று ஆளை உடனே படுக்கவைப்பவற்றுக்காகக் கட்டப்பட்ட ஏற்பாடு அது. பத்து வருடமாக மெல்லத் தேயும் மூட்டுக்கு அதில் இடம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆனாலும் டிஸ்பென்சரி ஐயா கையைப் பிடித்து, பெருவிரலை நீளவாக்கில் தள்ளித் திருகிப் பார்த்து, உள்ளே நறநறவென்று ஓர் உரசலை உணர்ந்தாரானால், துண்டு எழுதி பதுளைக்கு அனுப்புவார்.

பதுளைக்குப் போவது ஒரு நாள் பேரை இழப்பது. முதல் பஸ்ஸைப் பிடித்து, வளைவு வளைவாக இறங்கி, பெரியாஸ்பத்திரியில் நம்பர் எடுத்து, கிளினிக் கொப்பியோடு வாங்கில் உட்காரவேண்டும். கொழும்பிலிருந்து வரும் புகையிரதப் பாதை 1924 இல் பதுளையைத் தொட்டு அங்கேயே முடிந்தது; தேயிலை இறங்கிப் போகப் போட்ட பாதை அது. ஊவாவின் நோயாளிகள் அதற்கு எதிர்த்திசையில், பதுளையை நோக்கி வருகிறார்கள். எலும்புப் பிரிவின் வாசலில் அவளுக்கு முன்னால் இருப்பவர்களைப் பார்த்தால், ஏன் பெருவிரலுக்கு முறை வர மாதக்கணக்காகிறது என்பது விளங்கும். மரத்திலிருந்து விழுந்தவர், இடுப்பு முறிந்த ஆச்சி, மோட்டார் சைக்கிளில் சறுக்கிய பையன். 2021 மார்ச்சில் பசறை பதின்மூன்றாம் கட்டையில் பஸ் பள்ளத்தில் பாய்ந்த மாதிரியான நாட்களும் இந்த மலைப்பாதைக்கு வரும். 2022 இன் நெருக்கடியில் மருந்துக்கும் தையல் நூலுக்கும் தட்டுப்பாடு வந்து, அவசரமில்லாத சத்திரசிகிச்சைகள் நாடு முழுவதும் தள்ளிப்போயின. பெருவிரல் எப்போதும் அவசரமில்லாத பக்கத்தில்தான் இருக்கும்.

எக்ஸ்ரேயில் எலும்பு முதல் முறையாக வெளிச்சத்துக்கு வருகிறது. ஈற்றன், லிற்லர் என்ற நியூயோர்க் கை வைத்தியர்கள் இருவர் 1973 இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்தது, தேய்மானத்தை அளக்க இன்றைக்கும் புழங்கும் நான்கு படி. முதற்படியில் மூட்டு பார்வைக்குச் சுகமாக இருக்கும். இரண்டில் இடைவெளி ஒடுங்கி, 2 மில்லிமீற்றருக்கு உட்பட்ட முட்கள். மூன்றில் இடைவெளி அநேகமாக இல்லை. நான்கில் ட்ரப்பீசியத்தின் மறுபக்க மூட்டும் கெட்டுவிட்டது. படத்தின் படியும் வலியின் அளவும் ஒன்றாகப் போகவேண்டும் என்று விதியில்லை. நான்காம் படியில் சிரித்துக்கொண்டு கொழுந்தெடுப்பவளும் உண்டு. இரண்டாம் படியில் தூங்காதவளும் உண்டு. அதனால் கத்திக்கு முன் சில மாதம் பெருவிரலைத் தாங்கும் பட்டி, பயிற்சி, சிலருக்கு மூட்டுக்குள் ஸ்டீரொயிட் ஊசி. ஊசியின் பலன் நெடுநாள் நிற்பதில்லை. பட்டியைக் கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்க முடியாது. அதைக் கட்டச் சொல்பவருக்கும் அது தெரியும்.

இனி இந்த எலும்பை என்ன செய்வது என்ற கேள்வி. அதற்கு எழுபத்தைந்து வருடத்துக்கு மேற்பட்ட வயது.

1949 என்றால் மலையகத்தில் முதலில் நினைவுக்கு வருவது, நம்மவரின் வாக்குரிமை போன ஆண்டு என்பது. அதே ஆண்டில் எலும்பு, மூட்டுச் சத்திரசிகிச்சைக்கான பிரித்தானியச் சஞ்சிகை ஒன்றில் அடுத்தடுத்த பக்கங்களில் இரண்டு சிறு கட்டுரைகள் வந்தன. ஒன்றை எழுதியவர் ஜேர்விஸ். அவர் சொன்னது: உரசுவது இரண்டு எலும்பு, அதில் ஒன்றை, ட்ரப்பீசியத்தை, முழுசாக எடுத்துவிடு. உரச ஆளில்லை, வலியும் இல்லை. மற்றதை எழுதியவர் முல்லர். அவர் சொன்னது: இரண்டையும் அசையாமல் ஒன்றாக ஒட்டவைத்துவிடு. அசைவில்லை, வலியும் இல்லை. பிறகு வந்த அத்தனை ஒபரேஷனும் இந்த இரண்டு யோசனைக்கு இடையில் அலைந்தவைதான்.

ஜேர்விஸின் யோசனை வைத்தியர்களைப் பயமுறுத்தியது. எலும்பை எடுத்தால் அங்கே ஒரு குழி விழுகிறது. பெருவிரல் அந்தக் குழிக்குள் இறங்கிக் குட்டையாகி, பலமிழந்து தொங்கிவிடாதா? நியாயமான பயம்தான். ஆகவே அடுத்த நாற்பது வருடம் குழியை எதனால் நிரப்புவது என்பதிலேயே கழிந்தது.

1970 இல் ஃப்ரொய்ம்ஸன் என்பவர், நோயாளியின் முன்கையிலிருந்தே ஒரு தசைநாரைப் பிரித்தெடுத்துச் சுருட்டிக் குழிக்குள் அடைத்தார். அந்தச் சுருளுக்கு மேல்நாட்டு ஒபரேஷன் தியேட்டர்களில் வைத்த செல்லப்பெயர் நெத்தலி. 1986 இல் பேர்ட்டன், பெல்லெக்ரினி இருவரும் ஒரு படி மேலே போனார்கள்: தசைநாரின் ஒரு பாதியைப் பெருவிரல் அடியெலும்பில் துளைபோட்டுக் கோத்து, விரல் இறங்காமல் தொட்டிலாகத் தாங்கவைத்து, மிச்சத்தை நெத்தலியாகச் சுருட்டி வைப்பது. அமெரிக்காவில் மிகப் பெரும்பான்மையான கை வைத்தியர்கள் இன்றும் செய்வது இந்த வகைதான். இடையில் ஸ்வான்ஸன் ட்ரப்பீசியத்தின் வடிவில் சிலிக்கோனில் ஒரு மாற்றெலும்பு வார்த்தார். ஆரம்பத்தில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. சில வருடத்தில் சிலிக்கோன் துகள் துகளாக உதிர்ந்து, சுற்றியிருந்த நல்ல எலும்புகளிலும் ஓட்டை விழுந்தது. பிரான்சில் த லா கஃபினியேர் 1970களில், இடுப்பு மூட்டை மாற்றுவதுபோலவே உலோகக் குண்டும் பிளாஸ்ரிக் கிண்ணமுமாக ஒரு குட்டிச் செயற்கை மூட்டைச் செய்தார். அது கழன்றது, திருத்தினார்கள். மறுபடியும் கழன்றது, மறுபடியும் திருத்தினார்கள். இன்றைக்கு ஐரோப்பாவில் அதன் பேரப்பிள்ளைகள் நன்றாகவே ஓடுகின்றன.

இவ்வளவு புத்திசாலித்தனத்தையும் ஒருநாள் தராசில் வைத்துத்தானே ஆகவேண்டும். இங்கிலாந்தில் டேவிஸ், பிரேடி, டயஸ் மூவரும் அதைச் செய்தார்கள். 183 பெருவிரல்கள். சீட்டுப் போட்டு மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு எலும்பை எடுப்பது மட்டும். ஒரு பகுதிக்கு எடுத்து நெத்தலி. ஒரு பகுதிக்கு எடுத்து, கோத்து, நெத்தலி. 2004 இல் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்து வலியிலும் பலத்திலும் மூன்று பகுதிக்கும் வித்தியாசம் இல்லை. அவசரப்படவேண்டாம், குழி மெல்ல மெல்லச் சரியும் என்றார்கள் சிலர். ஒபரேஷன் நடந்து 5 வருடம் முதல் 18 வருடம் வரை கழிந்தபின் அதே ஆட்களை மீண்டும் பார்த்து 2012 இல் எழுதினார்கள். அப்போதும் வித்தியாசம் இல்லை. உலகத்து ஆய்வுகளைச் சேர்த்துச் சலிக்கும் கொக்ரேன் குழுவும் 2015 இல் அதையே சொன்னது: எந்த முறையும் மற்றதைவிட மேல் என்று காட்ட ஆதாரம் இல்லை. அதன் முந்தைய பதிப்புகள் இன்னொன்றும் கவனித்திருந்தன. தசைநாரைக் கோத்துக் கட்டும் ஒபரேஷனில் தொல்லைகள் கொஞ்சம் கூட: தழும்பு நோவு, நரம்பு மரத்துப்போதல், தசைநார் ஒட்டிக்கொள்ளுதல்.

எலும்பை எடுத்த குழியில் இரத்தம் தேங்கி உறைகிறது. சில வாரங்களில் அந்த உறைவு கெட்டியான தழும்புத் திசுவாக மாறுகிறது. பெருவிரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும், எக்ஸ்ரேயில் தெரியும். இறங்கிய அளவுக்கும் நோயாளியின் வலிக்கும் ஒட்டுறவு இருப்பதாக நிரூபணமாகவில்லை. நாற்பது வருடம் நிபுணர்கள் நிரப்பிய குழியை உடம்பு தன்பாட்டில் நிரப்பிக்கொள்கிறது. நெத்தலிக்காரர்கள் இதை இன்னும் முழுமனதோடு ஒப்புக்கொள்ளவில்லை. கற்ற கைத்திறனை விட்டுக்கொடுப்பது யாருக்கும் இலேசல்ல.

முல்லரின் ஒட்டவைப்புக்கு என்ன ஆனது? நெதர்லாந்தில் நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் அதையும் எலும்பை எடுப்பதையும் சீட்டுப் போட்டு ஒப்பிட்டு 2014 இல் வெளியிட்டார்கள். ஒட்டவைத்த பக்கம் தொல்லைகள் அதிகமாக வந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. எலும்பு ஒட்டாமலே போவதுண்டு. ஒட்டினால் கையை மேசைமேல் தட்டையாக விரிக்க முடியாது. ஆனால் இளம் வயதில், பாரம் தூக்கும் ஆணுக்கு இதைச் சொல்லும் வைத்தியர்கள் உண்டு. தோட்டத்தில் அப்படி ஓர் ஆள் என்றால் கவ்வாத்துக்காரர். நாள் முழுக்கக் கத்தியை இறுக்கிப் பிடித்து வாதை வெட்டுகிற கைக்கு அசைவைவிட உறுதி முக்கியம். கொழுந்தெடுப்பவளுக்கு அது நேர்மாறு. பெருவிரல் திரும்பாவிட்டால் தண்டை எப்படி மடக்குவது?

செயற்கை மூட்டு? அதன் நல்லதைச் சொல்லவேண்டும்: முதல் சில மாதங்களில் கை வேகமாகத் தேறுகிறது, பெருவிரலின் நீளமும் குறைவதில்லை. அடுத்த பக்கத்தையும் சொல்லவேண்டும். உலோகம் இறக்குமதி, விலை டொலரில். ட்ரப்பீசியத்தில் கிண்ணம் உட்காரப் போதிய நல்ல எலும்பு இருக்கவேண்டும். நான்காம் படியில் அதற்குப் பலன் குறைவு. கழன்றாலும் தளர்ந்தாலும் மறுபடி கத்தி. அப்போது வழமையாகச் செய்வது செயற்கை மூட்டைக் கழற்றி ட்ரப்பீசியத்தை எடுத்துவிடுவது. சுற்றிச் சுற்றி ஜேர்விஸின் வாசலுக்கே வந்து நிற்கிறார்கள். என்னைக் கேட்டால் ஊவாவின் கைக்கு அந்தப் பழைய, வெறும் ஒபரேஷன்தான் பொருத்தம். ஏழைக்கு மலிவானது போதும் என்ற கணக்கில் அல்ல. பணக்காரிக்குச் செய்த ஆய்விலும் அது தோற்கவில்லை என்ற கணக்கில். அதற்கு வேண்டியது எந்த எலும்புப் பிரிவிலும் இருக்கும்: சிறு உளி, எலும்பு கவ்வும் குறடு, தேவைப்பட்டால் ஒரு கம்பி, கொஞ்சம் பிளாஸ்டர்.

எலும்பின் கடைசி முற்பகல் இப்படிப் போகும். அக்குளிலோ கழுத்தருகிலோ ஊசி போட்டுக் கையை மரக்கச் செய்வார்கள், ஆள் விழித்திருக்கலாம். மேற்கையில் பட்டி இறுகி இரத்தம் நிற்கும். பெருவிரலின் அடியில் 3, 4 சென்ரிமீற்றர் வெட்டு. முதல் எச்சரிக்கை தோலுக்கு அடியிலேயே: நூல் நூலாக ஓடும் உணர்நரம்புக் கிளைகள். அதில் ஒன்று அறுந்தாலோ நசுங்கினாலோ, மூட்டு வலி போன இடத்தில் அதைவிட மோசமான எரிவு வந்து உட்காரும். இரண்டாவது எச்சரிக்கை, மூட்டை ஒட்டியே குறுக்கே போகும் இரத்தநாளம். நாடி பிடித்துப் பார்க்கிறார்களே, அதே நாளத்தின் தொடர்ச்சி. அதை மெல்ல ஒதுக்கி மூட்டின் உறையைத் திறந்தால் எலும்பு. சேணத்தின் மேல்பரப்பில் குருத்து ஓரத்தில் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். நடுவில் வழவழவென்று பளபளக்கும் வெற்றெலும்பு, தந்தம் மாதிரியே மினுங்கும். அத்தனை ஆயிரம் கொழுந்தும் தேய்த்த பரப்பு அது.

முழுசாகப் பெயர்வது அபூர்வம். சுற்றிலும் நார்கள் இழுத்துப் பிடித்திருக்கும். உளியால் நாலாகப் பிளந்து, குறடால் துண்டு துண்டாக எடுப்பார்கள். அடியில் ஒரு சிறு வாய்க்கால். அதற்குள் மணிக்கட்டை மடக்கும் தசைநார் ஓடுகிறது. நெத்தலிக்கு எடுப்பது இதைத்தான். இந்த ஒபரேஷனில் அதைத் தொடுவதில்லை. உளி அதில் பட்டுவிடாமல் பார்ப்பதிலேயே பாதிக் கவனம் போகும். கடைசித் துண்டும் வந்ததும் விரலை இழுத்துத் தள்ளிப் பார்ப்பார்கள், எங்கேயாவது இன்னும் இடிக்கிறதா என்று. பிறகு உறையை மூடித் தையல். துண்டுகள் தட்டில் இரத்தத்தோடு கிடக்கும், பிறகு ஆஸ்பத்திரிக் கழிவோடு எரிக்கப் போகும். பசறை மலையில் உழைத்த எலும்புக்குப் புள்ளிவிபரம் எழுதுகிறவர் எவரும் இல்லை.

கை பிளாஸ்டரில் அல்லது பட்டியில் 4 முதல் 6 வாரம். அதன்பின் பெருவிரலைச் சுண்டுவிரலோடு தொடவைக்கும் பயிற்சி. வலி பெரும்பாலானோருக்கு மூன்று மாதத்துக்குள் நன்றாகக் குறையும். பலம் வர ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம். ஆய்வுக் கட்டுரைகளில் ‘வேலைக்குத் திரும்பிய காலம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தோட்டத்துக் கணக்கில் எழுதினால், 2021 இல் 1,000 ரூபாவாக இருந்து 2024 இல் 1,350 ரூபாவான நாட்சம்பளத்தில், வாரம் ஆறு நாளும் வேலை இருந்ததாக வைத்துக்கொண்டால், 6 வாரத்துக்கு 48,600 ரூபா இழப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒபரேஷன் இலவசம். விலை என்பது இதுதான். இந்த விலையைப் பார்த்துவிட்டுத்தான் பலர் திகதி வாங்கியபின்னும் வராமல் இருந்துவிடுகிறார்கள். அதை நோயாளியின் அறியாமை என்று கொப்பியில் எழுதுவது சுலபம்.

திரும்பிப் போகிறவளுக்கு ஆஸ்பத்திரி ஒரு கடிதம் கொடுக்கும்: இலேசான வேலை. தோட்டத்தில் இலேசான வேலை என்றால் தவறணையில் நாற்றுப் பைக்கு மண் நிரப்புவது, பிள்ளைக் காம்பரா, புல் பிடுங்குவது. புல் பிடுங்குவதும் கிள்ளல்தான் என்பது கடிதம் எழுதியவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. சில தோட்டங்களில் இப்போது கொழுந்து வெட்டக் கத்திரி வந்திருக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிலையமும் இலையைத் தெரிந்து வெட்டும் வகையொன்றை உருவாக்கியது. கத்திரியின் பாரம் முழங்கைக்கும் தோளுக்கும் போகிறது, பெருவிரல் அடிக்குக் குறைகிறது. செடிக்கும் தூளின் தரத்துக்கும் அது நல்லதா என்று துரைமார் வாதாடுகிறார்கள். பெருவிரலை அந்த வாதத்தில் யாரும் சேர்ப்பதில்லை. சேர்த்தால் கத்திரியின் பக்கம் ஒரு புள்ளி கூடும்.

ஆறாம் மாதக் கிளினிக்கில் கையை நீட்டச் சொன்னால் இரண்டையும் நீட்டுவாள். வலதில் தழும்பு வெளுத்து, முண்டு வற்றியிருக்கும்; சாவி திரும்புகிறது, மாப் பிசையலாம். இடது கையில் இன்னொரு ட்ரப்பீசியம். இத்தனை மாதமும் வலதின் வேலையையும் சேர்த்துச் செய்தது அது, முண்டு அங்கே வளர்ந்திருக்கும். அதையும் எடுத்துவிட முடியாதா என்று கேட்பாள். எடுக்கலாம், வலதுக்கு முழுப் பலம் வரட்டும் என்பார் டொக்டர். கொப்பியில் அடுத்த திகதி விழும். கிளினிக் நாள் மாதச் சம்பளத்துக்கு முந்தின வாரம் வராமல் இருக்க முடியுமா என்பதுதான் அவள் கேட்கும் அடுத்த கேள்வி.